மூத்த பிள்ளையைப் பற்றியும் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். ஒரு நாள் காலை, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு தாயும் ஆச்சியும் மூன்று மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

"டாக்டரம்மா, பால் குடிக்கும்போதெல்லாம் மூக்கு கொர்கொர்னு இழுக்கு. சளி மருந்து குடுத்தும் கேக்கல" என்றார் தாய். பிறந்த மாதத்திலிருந்தே இப்படித்தானாம். இரண்டு மூன்று இடங்களில் காட்டி, எல்லா இடத்திலும் சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார்கள். பையனை மடியில் வாங்கினேன். உள்ளங்கை வெளுத்திருந்தது. நெற்றி முன்னால் புடைத்திருந்தது. வயிற்றில் கை வைத்தால் ஈரலும் மண்ணீரலும் நன்றாகத் தட்டுப்பட்டன. முகத்துக்கு நேரே குனிந்து கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்மணிகள் இரண்டும் இடமும் வலமுமாக ஊசலாடிக்கொண்டிருந்தன.

"ஆம்பளப் பிள்ளைல்லா, மெதுவாத்தான் முகம் பாக்கும்" என்றார் ஆச்சி.

"இவனுக்கு மூத்தது உண்டா?" என்று கேட்டேன். தாய் தலையைக் குனிந்துகொண்டார். ஆச்சிதான் சொன்னார்: "ஒண்ணு இருந்துச்சு. ஏழு மாசத்துல போயிட்டா. ரத்தம் பத்தலன்னு சொன்னாவ. அவ ஆயுசு அவ்வளவுதான்." அப்புறம் சொந்தத்தில் கட்டிய கல்யாணமா என்று கேட்டேன். "என் தம்பிக்குத்தான் மகளக் குடுத்திருக்கேன்" என்றார்.

ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுத்தேன். மதியம் படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு கை எலும்பின் படத்தில் ஓரம் இரண்டும் வெள்ளைக் கோடாகவும், நடுவே மஜ்ஜை இருக்கும் இடம் சாம்பல் நிறமாகவும் தெரியும். இந்தப் படத்தில் அந்தச் சாம்பல் நிறமே இல்லை. விலா, முதுகெலும்பு, தொடை எல்லாம் சுண்ணாம்பில் வார்த்தது மாதிரி ஒரே வெள்ளை.

படத்தை எட்டிப் பார்த்த ஆச்சி, "எலும்பு நல்ல பலமாத்தான இருக்கு?" என்று கேட்டார். அவரை உட்கார வைத்துப் பேசினேன்.

இந்த நோயின் பெயர் ஆஸ்டியோபெட்ரோசிஸ். பளிங்கு எலும்பு நோய் என்றும் சொல்வார்கள். ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் என்ற ஜெர்மானிய எக்ஸ்ரே மருத்துவர் 1904-இல் இதை முதலில் விவரித்தார். பெரியவர்களிடம் காணப்படும் மிதமான வகை ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகை ஏறக்குறைய இரண்டரை லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது.

நம் எலும்பு ஓயாமல் கட்டப்படுகிறது, ஓயாமல் இடிக்கவும் படுகிறது. இடிக்கிற வேலைக்கென்றே தனி அணுக்கள் இருக்கின்றன. இந்த நோயில் அந்த அணுக்கள் வேலை செய்வதில்லை. கொத்தனார் கட்டிக்கொண்டே போகிறார், இடித்து அள்ளுகிற ஆள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் தடித்துத் தடித்து அறை காணாமல் போகும். அந்த அறையில்தான் மஜ்ஜை இருந்து ரத்தம் ஊற வேண்டும். இடமில்லாமல் அந்த வேலை ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. வயிறு வீங்குகிறது, பிள்ளை வெளுக்கிறது, தொற்றும் ரத்தக்கசிவும் எளிதில் வருகின்றன. மூக்கின் பின்வாசல் எலும்பு தடித்துக் குறுகுவதால் மூச்சு கொர்கொர் என்கிறது. மண்டை ஓட்டில் பார்வை நரம்பு வெளியே வருகிற துவாரமும் குறுகி நரம்பை நெரிக்கிறது. காது நரம்புக்கும் இதே கதி வரலாம்.

அவ்வளவு தடித்த எலும்புக்குப் பலமாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சாக்பீஸ் மாதிரி ஒடியும். இன்னொரு வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்ட ஆச்சிமேல் பழி விழுந்து, அவர் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். காரணம் நோய் என்று படத்தைக் காட்டி எல்லாரையும் வைத்துச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை திரும்பியது.

ஆச்சியின் கேள்வியிலிருந்து இன்னொன்றும் வருகிறது. எலும்பு நோய் என்றதும் கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். இடித்தல் நடக்காததால் எலும்பில் உள்ள சுண்ணாம்பு ரத்தத்துக்கு வருவதில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்து சில பிள்ளைகளுக்கு வலிப்பு வருகிறது. அப்போது கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு, எப்போது என்பதை ரத்த அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, எப்போது சந்தேகப்படுவது? மூக்கடைப்பு எல்லாப் பச்சைப் பிள்ளைக்கும் வரும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இரண்டு மாதத்தில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். தூக்கத்தில் சிரிப்பதை நரி காட்டுது என்போமே, அதைச் சொல்லவில்லை. விழித்திருக்கும்போது கண்ணோடு கண் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்று மாதத்தில் முகத்தை நகர்த்தினால் கண் கூடவே வர வேண்டும். அது இல்லாமல், வெளுப்பும் வயிற்று வீக்கமும் விடாத மூக்கடைப்பும் சேர்ந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் என்று தடுப்பூசிக்கு எப்படியும் போகிறீர்கள். அங்கே நர்ஸிடம் "பிள்ளை முகம் பார்க்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு எக்ஸ்ரேயும் போதும், இந்த நோயாக இருக்குமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம்.

நான் இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த நோயை மாற்றக்கூடிய சிகிச்சை இருக்கிறது: எலும்பு மஜ்ஜை மாற்று. எலும்பை இடிக்கும் அணுக்கள் ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களிலிருந்தே பிறக்கின்றன. நல்ல மஜ்ஜை உள்ளே போனால் இடிக்கும் ஆளும் வந்துவிடுகிறார். உடன்பிறந்தவர் பொருந்தினால் மிக நல்லது. பாதிப் பொருத்தத்தோடு தாயோ தகப்பனோ கொடுப்பதும் இப்போது நடக்கிறது. வேலூர் சிஎம்சியில் செய்கிறார்கள். எல்லா மரபணு வகைக்கும் இது பலன் தராது. மூளை நரம்புகளையே தாக்கும் வகைகளும் உண்டு. அதனால் முதலில் மரபணுப் பரிசோதனை செய்துதான் முடிவெடுப்பார்கள். பலன் தரும் வகையிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இருக்கிற பார்வையைத்தான் காப்பாற்ற முடியும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் பத்து வயதைத் தாண்டுவது அரிது.

செலவு பெரிதுதான். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அதன் கீழ் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. நம் மாநிலத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதற்கான மையம்.

அந்தப் பையனுக்கு ஐந்தாம் மாதத்தில் மஜ்ஜை மாற்று நடந்தது. தகப்பன் கொடுத்தார். இப்போது நடக்கிறான், ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. கண்ணுக்கு வெளிச்சமும் பெரிய உருவங்களும் மட்டும்தான் தெரிகின்றன. முதல் மாதத்திலேயே வந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. மூத்தவளைப் பற்றி அந்தத் தாயிடம் அதற்கு முன் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. செத்த பிள்ளையைப் பற்றிப் பேசினால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்களாம். தயவுசெய்து சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

இதில் யார்மேலும் குற்றம் இல்லை. தாய் தின்றதாலோ தோஷத்தாலோ வருவதில்லை. தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்று பழுதான மரபணு ஒளிந்திருக்கும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இராது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று தப்பிவிடும் என்று கணக்குப் போடக்கூடாது. சொந்தத்தில் கட்டினால் ஒரே பழுது இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. அத்தை மாமன் மக்களைவிட அக்கா மகளைக் கட்டும்போது அது இரண்டு மடங்கு. பழுது இன்னதென்று கண்டுபிடித்து வைத்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

போன மாதம் அந்த ஆச்சி தனியாக வந்திருந்தார். இளைய தம்பிக்கும் இளைய மகளுக்கும் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்களாம். "பாத்துட்டுச் செய்வோம் டாக்டரம்மா" என்றார். இரண்டு பேரையும் வரச் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும் வரை பரிசம் போடுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.