கரையாதுங்க, கரையவே கரையாது

போன வாரம் ஒருநாள் காலைல ஏழேகால் மணிக்கு போன். ஆறு மாசத்துக்கு முன்னாடி டயட் ஆலோசனை கேட்டு என்கிட்ட ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போன ஒருத்தரோட வீட்டம்மா. "மேடம், ஏற்காடு அடிவாரம் ரோட்டுல வாக்கிங் போனாரு, அங்கயே உக்காந்துட்டாராம், சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, கை நடுங்குது, பேச்சு குழறுதுன்னு கூடப் போனவரு போன் பண்றாரு, ஹார்ட்டா மேடம்?"ன்னு அழுவுறாங்க. ஹார்ட் இல்ல. ஆஸ்பத்திரில குத்திப் பார்த்தப்ப சுகர் 46, ரொம்பக் கம்மி. குளுக்கோஸ் ஏத்தி, ஒருநாள் வெச்சுப் பார்த்து அனுப்பிட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு என்கிட்ட வந்து உக்காந்தாரு. வயசு அம்பது பக்கம், கொலுசு பட்டறையில வேலை. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், அடையாளம் தெரியற விவரத்தையும் மாத்திட்டேன்.) என்னண்ணா பண்ணீங்கன்னு கேட்டா, தொப்பைக் கொழுப்பு கரையணும்னு மூணு வாரமா ராத்திரி சாப்பாடே கிடையாதாம், கொள்ளு வேக வெச்ச தண்ணி ஒரு டம்ளர், அதுல யாரோ வாட்ஸ்அப்ல வித்த ஏதோ ஒரு பொடி ரெண்டு ஸ்பூன். காலைல வெறும் வயித்துல சுடுதண்ணி தேன் எலுமிச்சை, அப்புறம் ஒரு மணி நேரம் வேகமா நடை. "சுகர் மாத்திரை?"ன்னு கேட்டேன். "அத மட்டும் விடல மேடம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு கரெக்டா போட்டேன், விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

எனக்கு சிரிக்கறதா தலையில அடிச்சுக்கறதான்னு தெரியல. இந்த ரெண்டு மாசத்துல இது மூணாவது ஆளு.

முதல்ல அவசரமானத சொல்லிடறேன், மீதிய படிக்காட்டியும் பரவால்ல. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை போடறவங்க, இன்சுலின் போடறவங்க சாப்பாட்டை குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர பாத்து டோஸை மாத்திக்கணும். அந்த மாத்திரைக்கு நீங்க சாப்ட்டீங்களா இல்லையான்னு தெரியாது, அது பாட்டுக்கு இன்சுலினை சுரக்க வெச்சுட்டே இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு இந்த மாதிரி இறங்கறது அபூர்வம், ஆனா உங்க மாத்திரை எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பத்து பேர்ல எட்டு பேரு "வெள்ளை கலர்ல சின்னதா இருக்கும் மேடம்"ங்கறாங்க. அட்டையோட வாங்க. வேர்த்து, நடுங்கி, திடீர்னு அகோரமா பசிச்சா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி உடனே குடிங்க, கால் மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுங்க, இன்னும் 70க்கு கீழ இருந்தா மறுபடி குடிங்க. சரியானதும் ஏதாவது சாப்பிட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க, இந்த மாத்திரையில இறங்குன சுகர் ஏறிட்டு மறுபடி இறங்கும். மயங்கிட்டவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். 108க்கு போன் பண்ணுங்க.

இப்ப அந்த "கரையும்" விஷயத்துக்கு வரேன். இந்த ஒரு வார்த்தைய எவன் கண்டுபிடிச்சானோ தெரியல, பதினஞ்சு வருஷமா இதோட மல்லுக்கட்டறேன். கொள்ளு கரைக்கும், சோம்புத் தண்ணி கரைக்கும், சீரகத் தண்ணி கரைக்கும், வயித்துல பெல்ட் கட்டுனா கரையும். ஒரு அக்கா என்கிட்டயே விளக்கம் சொன்னாங்க, "ஏன் மேடம், உறைஞ்ச நெய்யில சுடுதண்ணி ஊத்துனா கரையுதுல்ல?" அக்கா, நல்லா பாருங்க, அது கரையல, உருகுது. உருகி தண்ணி மேல மிதக்கும், ஆறுனா திரும்ப உறையும், ஒரு சொட்டு குறையாது. உப்பு தண்ணில கரையும், சர்க்கரை கரையும், நெய் என்னிக்கு தண்ணில கரைஞ்சுச்சு? இன்னொண்ணு, உங்க உடம்பே 37 டிகிரி சூட்டுலதான் இருக்கு, உள்ள இருக்கற கொழுப்பு ஃபிரிட்ஜுல வெச்ச டால்டா மாதிரி கல்லா ஒண்ணும் இல்ல. நீங்க குடிக்கற சுடுதண்ணி வயித்துக்குப் போயி கொஞ்ச நேரத்துலயே உடம்புச் சூட்டுக்கு வந்துடும், இடுப்புச் சதையைத் தேடிப் போயி உருக்கிட்டு நிக்காது.

அப்ப குறையற கொழுப்பு எங்கதான் போவுதுன்னு கேப்பீங்க. பாத்ரூம்ல போவுதுன்னு நெனப்பாங்க, அதனாலதான் பேதி போகிற பொடிய "நல்லா வேலை செய்யுது மேடம்"னு சொல்லி வாங்கறாங்க. இல்லைங்க. பெரும்பகுதி மூச்சுக் காத்துலதான் போவுது. 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா அதுல 8.4 கிலோ கரியமில வாயுவா மூக்கு வழியா வெளிய போயிடும், மீதி 1.6 கிலோதான் தண்ணியா போவும். அதுக்காக சும்மா உக்காந்து இஸ்ஸு இஸ்ஸுன்னு மூச்சு விட்டா எரியாது, கேட்டாங்க, அதனால சொல்றேன். உடம்பு செலவு பண்றதவிட வரவு கம்மியா இருந்தாத்தான் கையிருப்புல இருந்து எடுக்கும். ஒரு கிலோ கொழுப்பு எரியணும்னா சுமார் 7,700 கலோரி. ஒரு நாளைக்கு 500 குறைச்சா வாரத்துக்கு அரை கிலோ. இதுதான் நல்ல வேகம், அதிகபட்சம் ஒரு கிலோ.

"பொடி குடிச்சேன், முதல் வாரமே மூணு கிலோ போச்சு"ன்னு ஒருத்தர் சொல்லுவாரு பாருங்க, போனதுல பெரும்பாலும் தண்ணி. சோத்த நிறுத்துனா உடம்புல சேத்து வெச்ச மாவுச்சத்து முதல்ல காலியாகும், அது ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும், அதுவும் சேந்து போவும். திரும்ப சோறு சாப்ட்டா தண்ணியும் திரும்ப வரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டும்போது தோல் டாக்டர தேடுவாங்க, பட்டினி கிடந்தத மட்டும் அவருகிட்ட சொல்ல மாட்டாங்க. வேகமா இளைச்சா பித்தப்பையில கல்லு வேற வரும்.

கொழுத்தவனுக்கு கொள்ளு, இளைச்சவனுக்கு எள்ளுன்னு பெரியவங்க சொன்னது பொய்யான்னு சண்டைக்கு வராதீங்க. கொள்ளு அருமையான பயிறு, நூறு கிராம்ல இருபது கிராமுக்கு மேல புரதம், நார்ச்சத்து, சாப்ட்டா பசி தாங்கும். அதுக்குத்தான் சொன்னாங்க. பயிறைத் தூக்கிப் போட்டுட்டு வேக வெச்ச தண்ணிய மட்டும் குடிங்கன்னு யாரும் சொல்லல. கடைஞ்சு சாப்புடுங்க, சுண்டல் பண்ணுங்க.

அண்ணன் கதைக்கு வரேன். என்ன சாப்புடறீங்கன்னு எழுதச் சொல்லி ஒரு நோட்டு குடுத்தேன். நாலு நாள் கழிச்சு கொண்டு வந்தாரு, அழகான கையெழுத்து. காலை 3 இட்லி, மதியம் சாதம் குழம்பு பொரியல், இரவு 2 சப்பாத்தி. நாலு நாளும் அதேதான். இத படிச்சா இந்த மனுஷன் ஏன் 86 கிலோ இருக்காருன்னு யாருக்குமே புரியாது. "பட்டறைக்கு டீ வருமாண்ணா?"ன்னு கேட்டேன். வருமாம். "டீக்கடை கணக்கு நோட்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க." மறுநாள் அனுப்புனாரு பாருங்க! டீ, டீ, டீ 2 வடை, டீ, போண்டா, டீ, டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ. வீட்ல சர்க்கரை இல்லாத டீதான், வீட்டம்மா காவல் இருக்காங்க. பட்டறையில தூக்குல வர்ற டீ எல்லாருக்கும் பொதுவா சர்க்கரை போட்டது. டீக்கு ரெண்டு ஸ்பூன்னு வெச்சாலே 60 கிராம் சர்க்கரை, அதுவே 240 கலோரி, பால் தனி, வடை தனி. நாள் முழுக்க 25 கிராமுக்குள்ள இருக்கணும்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது, அதுவும் நல்லா இருக்கறவங்களுக்கு. "இத ஏண்ணா எழுதல?" "டீ எல்லாம் சாப்பாடா மேடம்?"

இதுதாங்க. நாம சாப்பாடுன்னு நெனைக்காத சாப்பாடுதான் வயிறா வந்து நிக்குது. சோத்தை ஏன் திட்டறீங்க, பாவம்.

அடுத்தது எண்ணெய். "நாங்க எண்ணெயே சேக்கறதில்ல"ன்னு எல்லா அக்காவும் சொல்லுவாங்க, நான் நம்பறதில்ல, மாசம் எத்தன லிட்டர் வாங்கறீங்கன்னு மட்டும் கேப்பேன். நாலு பேரு வீட்ல ஆறு லிட்டர்னு வெச்சுக்கங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி, 400 கலோரிக்கு மேல, ஒரு வேளை சாப்பாடு. எடை குறைக்கற வீட்டுக்கு நான் சொல்றது நாலு பேருக்கு ரெண்டரை லிட்டர், தாண்டக்கூடாது. செக்கு எண்ணெய்னாலும் கணக்கு அதேதான், செக்குல ஆட்டுனா கலோரி கொறையாது. ஒன்னாந்தேதியே அளந்து தனி டப்பால ஊத்தி வெச்சுடுங்க, இருவதாந்தேதி டப்பா காலியாச்சுன்னா யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ராத்திரி சப்பாத்திக்கு மாறுனேன்னு பெருமையா சொல்றவங்களுக்கு ரெண்டே வரி. நூறு கிராம் அரிசியும் நூறு கிராம் கோதுமை மாவும் கலோரில கிட்டத்தட்ட ஒண்ணுதான். எண்ணெய் தடவி நாலு சப்பாத்தி, குருமாவோட சாப்ட்டுட்டு டயட்டுன்னு சொல்லாதீங்க.

நம்ம ஊரு விஷயம் ஒண்ணு. விரதம் இருக்கறவங்க, "லைட்டா ஜவ்வரிசி உப்புமா மேடம்"பாங்க. ஜவ்வரிசி நம்ம மரவள்ளிக் கிழங்குல இருந்து எடுக்கற மாவு, கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச், புரதம் இல்லைன்னே சொல்லலாம். எங்க மாமனார் வழியில சேகோ ஃபேக்டரி வெச்சவங்க இருக்காங்க, இத எழுதுனதுக்கு எனக்கு பொங்கலுக்கு என்ன கெடைக்கும்னு தெரியல. ஜவ்வரிசி கெட்டதில்ல, ஆனா லைட் இல்ல. அப்புறம் தட்டுவடை செட். "அதுல கேரட் பீட்ரூட் எல்லாம் இருக்குல்ல மேடம்?" இருக்குங்க, ரெண்டு எண்ணெய் தட்டுவடைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு. சாப்புடவே வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வராது, நானும் சேலத்துக்காரிதான். வாரத்துல ஒரு நாள், ஒரு பிளேட், அதுக்கப்புறம் நொறுக்கல்னு இன்னொண்ணு சொல்லாம எந்திரிச்சு வந்துடுங்க.

நடக்கறத பத்தி. நடக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்கற மாதிரி நடக்கணும், சுகருக்கும் பிரஷருக்கும் மனசுக்கும் நல்லது. ஆனா அரை மணி நேரம் நடந்தா எரியறது 120, 150 கலோரி, நடந்து முடிச்சு ஸ்டேடியம் வாசல்ல ஒரு டீ ரெண்டு போண்டா சாப்ட்டா 300 பக்கம் வந்துடும். லாபமா நஷ்டமா நீங்களே போட்டுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுக்கு பைக்ல இருபது ஹேர்பின் பெண்டு ஏறுனது வண்டி, நீங்க இல்ல. மேல போயி ஏரிக்கரையில மிளகாய் பஜ்ஜி சாப்ட்டுட்டு "மலைக்குப் போயிட்டு வந்தோம், நல்ல எக்சர்சைஸ்"னு சொல்றவங்கள என்ன பண்றது. உக்காந்த வேலை செய்யறவங்க, பட்டறையோ தறியோ கம்ப்யூட்டரோ, மணிக்கொரு தடவை எந்திரிச்சு அஞ்சு நிமிஷம் நடங்க.

தூக்கம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாத்தா மறுநாள் பசி ஜாஸ்தியா எடுக்கும், ஏழு மணி நேரம் தூங்குங்க. இதுக்கு மேல இதுல சொல்ல ஒண்ணும் இல்ல, யாரும் கேக்கறதும் இல்ல.

தட்டுல பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ. கீரை காய் வாங்க உழவர் சந்தை இருக்கு. மல்கோவா சீசன்ல மல்கோவா சாப்புடுங்க, ஆனா வயிறு முட்ட சோறு தின்னுட்டு அதுக்கு மேல இல்ல, ஒரு வேளை சோத்தை குறைச்சுட்டு, அதுவும் ஒரு ஆளுக்கு முழுப் பழம் இல்ல, சுகர் இருக்கறவங்களுக்கு ரெண்டு துண்டு.

எடை மிஷின்ல தினம் ஏறி நின்னு மனச ஒடச்சுக்காதீங்க. என் டேபிள்ல ஒரு பாவாடை நாடா வெச்சிருக்கேன், அதான் என் கருவி. தலையில இருந்து கால் வரைக்கும் உயரத்த அளங்க, ரெண்டா மடிங்க, அந்தப் பாதி நாடா தொப்புள் கிட்ட வயித்தச் சுத்தி முட்டுதான்னு பாருங்க. அண்ணனுக்கு நாலு விரக்கடை இடைவெளி. மூச்ச இழுத்துப் புடிச்சும் பாத்தாரு, எட்டல. இப்போதைக்கு அவருக்கு நான் போட்ட இலக்கு நாலரை கிலோதான், உடம்பு எடையில நூத்துக்கு அஞ்சு குறைஞ்சாலே சுகர், பிரஷர் ரெண்டும் நல்லா எறங்க ஆரம்பிக்கும். பட்டறை டீ மூணாச்சு, அதுவும் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாம தனி டம்ளர். ராத்திரி ரெண்டு தோசை, கொள்ளுக் கடைசல். மாத்திரைய அவரோட டாக்டர் மாத்திக் குடுத்திருக்காரு.

கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க இத படிச்சுட்டு தானா எதையும் ஆரம்பிக்காதீங்க, தயவு செஞ்சு. எதுவுமே பண்ணாம சும்மா எடை குறைஞ்சுக்கிட்டே போனா சந்தோஷப்படாதீங்க, சுகரோ தைராய்டோ டிபியோ, வேற எதுவுமாவும் இருக்கலாம், டாக்டர பாருங்க.

என்கிட்ட வர்றவங்க மாத்திரை அட்டை, போன மாச மளிகை பில்லு, டீக்கணக்கு மூணும் எடுத்துட்டு வாங்க. பொடி டப்பா இருந்தா அதையும் கொண்டு வாங்க, ஒளிக்காதீங்க, திட்ட மாட்டேன். கொஞ்சமா திட்டுவேன்.