பால் இருக்கிறது, இறங்கவில்லை: குறைமாதக் குழந்தையின் தாய்க்கு

“28 வாரத்தில் பிறந்த குழந்தை என்.ஐ.சி.யூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது. அரை மணி நேரம் பம்ப் வைத்தும் பாட்டிலின் அடிதான் நனைகிறது. ‘டென்ஷன் ஆகாதே, பால் வரும்’ என்கிறார்கள். மனசுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நிறையவே சம்பந்தம் உண்டு.

பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். மார்புக்குள் நுண்ணறைகள் திராட்சைக் கொத்தாகத் தொங்குகின்றன. பால் அவற்றுக்குள்தான் நிற்கிறது. ஒவ்வொரு நுண்ணறையையும் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் கைகோத்துச் சூழ்ந்திருக்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஆக்ஸிடோசின் ஒரு வீச்சாக ரத்தத்தில் கலக்கிறது. அது மார்பை எட்டியதும் அந்தச் செல்கள் சுருங்கி, பாலைக் குழாய்களுக்குள் பிதுக்கித் தள்ளுகின்றன. சில நிமிடங்களில் அடுத்த வீச்சு வரும். பசுவின் மடியில் பால் தேங்கப் பெரிய அறை உண்டு; பெண்களுக்கு அப்படி இல்லை. அதனால் இந்த வீச்சு வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் கிடைப்பது சில மில்லிதான்.

குழந்தை சப்புவதும் அதன் அழுகையும் வாசனையும் இந்த வீச்சைத் தூண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை, வெளியே தாய் என்றால் அத்தனையும் போய்விடுகிறது. போதாக்குறைக்குப் பயமும் தையல் வலியும். அப்போது சுரக்கும் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் மூளையில் ஆக்ஸிடோசின் வெளியீட்டைக் குறைக்கிறது. மார்பின் ரத்தக் குழாய்களையும் சுருக்கி, வந்த கொஞ்சமும் போய்ச் சேராமல் செய்கிறது.

1948இல் வெளியான ஆய்வில், ஆய்வாளர்களான நியூட்டன் தம்பதியர் அமெரிக்காவில் ஒரே ஒரு தாயிடம் இதைச் சோதித்தார்கள். சாதாரண நாளில் குழந்தை குடித்த பால் சராசரியாக 168 கிராம். பாதத்தைப் பனிக்கட்டி நீரில் வைப்பது போன்ற தொந்தரவுகள் கொடுத்தபோது 99 கிராம். அதே தொந்தரவோடு ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டபோது 153 கிராம். பால் உள்ளேயேதான் இருந்திருக்கிறது! ‘கண் பட்டுப் பால் வற்றிவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்வது தாயின் பயத்தைத்தான் கூட்டும். அதைச் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. ஆனால் இறங்காத பால் உள்ளேயே தேங்கினால் சில நாட்களில் சுரப்பும் நிஜமாகவே குறைந்துவிடும். அதனால் தாமதிக்கக் கூடாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பால் எடுக்க அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சாய்ந்து உட்கார்ந்து தோள்களைத் தளர்த்தி, மூக்கால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் போதும். வெளிமூச்சு நீள நீள இதயத் துடிப்பு தணியும். பிறகு மேசையில் கைகளை மடக்கித் தலை சாய்த்து, மார்பு தளர்வாகத் தொங்க உட்காருங்கள். அம்மாவோ கணவரோ முஷ்டியை மடக்கி, கட்டைவிரலை முன்னே நீட்டி, முதுகெலும்பின் இருபுறமும் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்து இறங்கட்டும். 2, 3 நிமிடம். எலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. குழந்தையைச் சுற்றியிருந்த துணியை முகர்ந்தபடி பம்ப்பைப் பொருத்துங்கள். பாட்டிலுக்கு ஒரு காலுறையை மாட்டிவிடுங்கள். அளவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம்தான் மிஞ்சும். எல்லாவற்றையும்விட நல்லது, மருத்துவர் அனுமதித்ததும் குழந்தையை வெற்று மார்பில் அணைக்கும் கங்காரு பராமரிப்பு. அது முடிந்த கையோடு பால் எடுங்கள்.

1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 20 நிமிடத் தளர்வு ஒலிநாடாவைக் கேட்ட குறைமாதக் குழந்தைகளின் தாய்மார், கேட்காதவர்களைவிட ஒரு வேளைக்கு 63 சதவீதம் அதிகமாகப் பால் எடுத்தார்கள். வென்டிலேட்டரில் குழந்தை இருந்தவர்களிடம் வித்தியாசம் 121 சதவீதம்! ஒரு செவிலியரின் குரலில் தமிழில் இப்படி ஒன்றைப் பதிவு செய்ய எவ்வளவு செலவாகிவிடும்? விற்கப் பொருள் இல்லாத ஆராய்ச்சிக்கும் நிதி வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சுப் பயிற்சி செய்தாலும் ஒரு நாளைக்கு 8 முறையாவது, அதில் ஒன்று நடு இரவிலும், பால் எடுத்தே ஆக வேண்டும். பம்ப்பின் புனல் காம்பை உரசி வலித்தால் அளவு பொருந்தவில்லை என்று பொருள், மாற்றுங்கள். பிரசவமான 14ஆம் நாளில், அன்று முழுவதும் எடுத்தது மொத்தம் 500 மில்லி இருந்தால் நல்லது. 350க்குக் கீழே நின்றால் மனதை நொந்துகொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைவோ கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துணுக்கோ கூடக் காரணமாக இருக்கலாம்.