கவுச்சி தின்னும் படுகையும் 61 நாள் பட்டினியும்

மீன் பதப்படுத்தும் கொட்டகையிலிருந்து வரும் கவுச்சியில் முக்கியமானவை டிரைமெத்தில் அமீன், அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு. மூன்றையுமே நுண்ணுயிரிகளுக்குத் தீனியாகப் போட்டுவிடலாம். ஈரமான படுகை (பயோஃபில்டர்) ஒன்றின் வழியே மின்விசிறியால் காற்றைச் செலுத்தினால் போதும். வாயு ஈரப்படலத்தில் கரையும், அதிலிருக்கும் பாக்டீரியா அதைத் தின்னும்.

மணிக்கு 1,000 கனமீட்டர் காற்றுக்கு 10 சதுர மீட்டர் பரப்பில் 1 மீட்டர் ஆழப் படுகை என்று கணக்கு வைத்தால், காற்று உள்ளே 36 விநாடி தங்கும். வாடை கடுமையானால் ஒரு நிமிடம் வேண்டும். அப்போது ஆழத்தைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டுங்கள். நிரப்பப் பொருளைக் குமரி மாவட்டத்தில் தேட வேண்டியதில்லை. மூன்று பங்கு கதம்பை (தேங்காய் மட்டை) துண்டு, ஒரு பங்கு மட்கிய தொழு உரம். தும்புச்சோறு (நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) மட்டும் போட்டால் அமுங்கிக் காற்று போகாது. கதம்பையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு கடைசியில் கந்தக அமிலமாகிப் படுகையைப் புளிக்க வைக்கும் என்பதால், நொறுக்கிய சிப்பியும் கொஞ்சம் கலப்பது நல்லது.

ஈரப்பதம் எடையில் 40 முதல் 60 சதவீதம். கருவி இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நின்றால் சரி, ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் காய்ந்துவிட்டது.

இதெல்லாம் ஆலை தினமும் ஓடும்வரைதான். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது: கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையான குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எப்படியும் 61 நாள். ராத்திரி நிறுத்தத்தையோ ஞாயிற்றுக்கிழமையையோ பாக்டீரியா பொருட்படுத்தாது, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு மாதப் பட்டினி அப்படியல்ல. அம்மோனியாவைத் தின்னும் வகை மெதுவாகத்தான் பெருகும். குறைந்த எண்ணிக்கையை மீட்கவே நாள்கள் ஆகும்.

ஆனால் பட்டினியைவிடப் பெரிய கேடு, 'வேலைதான் இல்லையே' என்று மின்விசிறியை அணைப்பது. மேற்குக் கரையில் தடைக்காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாக வரும். கூரையில்லாத படுகையில் மழைநீர் தேங்கும், உள்ளே ஆக்சிஜன் தீரும், பிறகு கதம்பை ஊறும் காயலின் அதே அழுகல் வாடையைப் படுகையே கிளப்பும். கிழக்குப் பக்கம் நேர்மாறு: கோடை வெயிலில் மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மட்கு தண்ணீரை உடனே ஏற்காது. ஊற்றுவதெல்லாம் வெடிப்பு வழியே அடியில் போய்விடும். இரண்டு மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் மீட்க முடியும். கடலோரக் கிணற்றின் உவர்நீரைத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும்.

ஆகவே மேலே கூரை வேண்டும்; மின்விசிறி டைமரில் மணிக்குப் பத்து நிமிடமாவது ஓட வேண்டும். வாரம் ஒருமுறை பிழிந்து பாருங்கள்.

பலரும் மறப்பது படுகையின் அடியிலிருந்து போகும் கழிவுநீர்க் குழாயின் 'யு' வளைவு. அதில் நிற்கும் தண்ணீர்தான் காற்று அந்த வழியே தப்பாமல் அடைக்கிறது. தடைக்காலத்தில் அது வற்றிப்போகும். திரும்ப ஓட்டும்போது கவுச்சி படுகைக்குள் நுழையாமல் குழாய் வழியே வெளியேறும். பழி பாக்டீரியா மேல் விழும்! மின்விசிறியின் அழுத்தம் 10 செ.மீ. நீர்மட்டம் என்றால், வளைவில் அதைவிட ஆழமாகத் தண்ணீர் நிற்க வேண்டும்.

படகுகள் திரும்பியதும் முழுக் காற்றையும் ஒரேயடியாக விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு, அடுத்து அரைப் பங்கு. வெளியேறும் காற்றில் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அந்த அளவிலேயே இன்னும் இரண்டு நாள் நிறுத்திவைத்து, பிறகு கூட்டுங்கள்.