மலையில் இடம் வாங்கும் முன் மேலேயும் கீழேயும் பாருங்கள்

நீலகிரியில் நிலம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கோப்போடுதான் வருகிறார்கள். பட்டா, சிட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று. "எல்லாம் க்ளியரா இருக்கு சார், பிளான் போட்டுக் குடுங்க" என்பார்கள். நிலம் யாருடையது என்பதை அந்தக் காகிதங்கள் சொல்லிவிடும். அங்கே என்ன செய்ய அனுமதி உண்டு, எதை அந்தச் சரிவு தாங்கும் என்பதற்கு அவற்றில் பதில் கிடையாது. நகரமைப்பு வேலையாக இந்த மாவட்டத்தின் நிலப் பயன்பாட்டை வரைபடமாக்கி வருபவன் நான். என்னிடம் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்ததால் வந்தவை.

நீலகிரி ஒரு விசித்திரமான கலவை. சுமார் 2,550 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதில் பாதிக்கு மேல் காடு. 2011 கணக்கெடுப்பில் 7.35 லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள் என்கிறது அரசுப் பதிவு. ஆனால் நெல்லியாளம் நகராட்சிக்குள் போய்ப் பாருங்கள், கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைச் செடியும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளும்தான். கேத்தி பேரூராட்சி என்றால் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்கள், கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் படிவயல்கள், நடுவே ரயில் பாதை. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, அதை ஒட்டியே வெலிங்டன் ராணுவப் பகுதி. அதனால் "நகராட்சி எல்லைக்குள்தானே இருக்கு, கட்டிக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எல்லைக்கல் ஊரின் நிர்வாகத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், பள்ளி, மருத்துவமனைகளுக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டுவோம். சமவெளியில் இது ஓரளவு சரியாக வரும். குன்னூரில் சாலையோரக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை மட்டத்தில் வர்க்கி விற்கும் கடை. ஒரு படிக்கட்டு கீழே இறங்கினால் ஒரு குடும்பம் வசிக்கிறது. அதற்கும் கீழே சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள். அதற்கும் கீழே தேயிலை. மேலிருந்து பார்த்தால் ஒரு மாடி, கீழிருந்து பார்த்தால் மூன்று மாடி. தாளில் அது ஒரு நீலப் புள்ளி. நிஜத்தில் மூன்று தளங்களின் கழிவுநீரும் கீழே இருக்கிற தேயிலைக்காரரின் மண்ணில்தான் ஊறுகிறது. மலையில் நிலப் பயன்பாடு செங்குத்தாக நடக்கிறது. மேலே இருப்பவர் செய்வதைக் கீழே இருப்பவர் அனுபவிக்கிறார்.

இன்று வேகமாக மாறிக்கொண்டிருப்பவற்றில் என்னை அதிகம் பயப்படுத்துவது பள்ளத்தாக்கின் அடிமட்டம். சரிவில் சோலையும் புல்வெளியும், அடியில் சதுப்பு என்பதுதான் இந்த மேட்டுநிலத்தின் இயற்கை அமைப்பு. மழையைச் சோலை பிடித்துக்கொள்ளும், சதுப்பு தேக்கிவைக்கும், கோடை வரை ஓடை ஓடும். 1820களில் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஏரி அமைத்தபோது அது இன்றைய அளவைவிடப் பெரியது. பின்னர் அதிலிருந்து மீட்டெடுத்த பரப்பில்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. கனமழை பெய்தால் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரயில் பாலத்தடியில் தண்ணீர் தேங்குவதை ஊட்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. மலையில் சமதளம் அரிது என்பதால் இந்த அடிமட்டத்துக்குத்தான் விலையும் அதிகம். முதலில் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடிக்கிறார்கள், சில வருடம் காய்கறி போடுகிறார்கள், அப்புறம் மண் கொட்டி மனையாக விற்கிறார்கள். வாங்குகிறவருக்குக் கடைசிக் கட்டம் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, தேயிலை மனையாவது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத சிறு விவசாயி அரை ஏக்கரை விற்றால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். செடியைப் பிடுங்கிய பிறகு நடப்பதுதான் ஆபத்து. இங்கே பாறைக்கு மேல் தடிமனான செம்மண் போர்வை. தண்ணீர் குடித்தால் கனமாகி நழுவும். தேயிலை வேர் அதை ஓரளவு பிடித்து வைத்திருக்கும். பொக்லைன் வைத்துச் சரிவின் அடிப்பகுதியை வெட்டிச் சமன் செய்கிறார்கள், வெட்டிய மண்ணை ஓடைப் பக்கம் தள்ளுகிறார்கள், பின்பக்கம் ஓட்டையே இல்லாத தடுப்புச்சுவர் எழுப்புகிறார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லாத சுவர், எத்தனை தடிமனாக இருந்தாலும், ஒருநாள் சாயும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தில் 283 இடங்களை அபாயப் பகுதிகளாக நிர்வாகம் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள்.

வீடு காட்டேஜ் ஆவது சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம். நான்கு பேருக்குப் போட்ட செப்டிக் டேங்க், சீசனில் இருபது பேருக்கு வேலை செய்யாது. நிரம்பி வழிவது ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் போன்றவற்றின் வழியாக ஏரிக்கே போய்ச் சேர்கிறது. 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்ததற்கும், மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்விதான் காரணம்.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வரும் கிராமமா என்று பாருங்கள். மரம் அடர்ந்த தனியார் நிலம் என்றால் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலமா (உரிமை இன்னும் முடிவாகாத குத்தகைத் தோட்ட நிலமா) என்பதை விசாரிக்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மசினகுடிப் பக்கம் 2010இல் அறிவித்த யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்துவிட்டது. அங்கே ரிசார்ட் கனவோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

திருப்பூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோத்தகிரிப் பக்கம் இடம் பார்த்திருந்தார். எஃப்.எம்.பி. எனப்படும் நில அளவைப் புல வரைபடத்தில் ஓரமாக ஒரு ஓடை. "ஊர்ல கிணத்தையே மூடி வீடு கட்டியிருக்கோம் தம்பி, இந்தச் சின்ன ஓடை என்ன பண்ணிடும்?" என்றார். "ஐயா, மேல இருக்குற மூணு தோட்டத்துத் தண்ணிக்கும் இதுதாங்க வழி" என்று சொல்லி அவரை மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். வீட்டைத் தள்ளி வரைந்தோம். ஓர் அறை குறைந்தது, ஓடை அப்படியே இருக்கிறது.

நீங்களும் அப்படி நடந்து பாருங்கள், முடிந்தால் மழை பெய்யும் நாளில். அரசின் இணையவழி நிலப் பதிவுத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எஃப்.எம்.பி.யையும் எடுத்து ஓடைப் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அந்தப் புல எண் எந்தப் பயன்பாட்டில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். விவசாயம் என்று இருந்தால், பயன்பாட்டு மாற்றம் கிடைத்த பிறகே பத்திரம் பதியுங்கள். பக்கத்து ஹட்டியில் பெரியவர்களிடம் 2009இல் இந்தச் சரிவு என்ன ஆனது என்று கேளுங்கள்.

ஏற்கெனவே வீடு இருக்கிறவர்களுக்கு: குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். செப்டம்பர் முடிவதற்குள் தடுப்புச்சுவரின் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கூரைத் தண்ணீரைச் சுவருக்குப் பின்னால் விடாமல், கீழ்வீட்டுக்காரரிடமும் பேசி, ஒரே வாய்க்காலாக ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள்.