அந்தச் சப்பாத்து யார் வாங்கிக் கொடுத்தது?

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். குண்டர் கும்பல் சந்தேகத்தோடு வரும் பெற்றோர், "பச்சை குத்தியிருக்கானா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பச்சை குத்துவதெல்லாம் ரொம்பப் பின்னால் நடப்பது. நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் கொடுக்கும் கைச்செலவு எவ்வளவு, அவன் செலவழிப்பது எவ்வளவு?

ஒரு பையன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் மொழியில் தேறுவதற்காகப் படிவம் 1-க்கு முன் வரும் புதுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு, படிவம் 1 முடித்துப் படிவம் 2-க்கு வந்தவன். சிற்றுண்டிச்சாலையில் பெரிய பையன்கள் தினமும் அவன் காசைப் பிடுங்கினார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. வெளியிலிருந்த ஓர் 'அண்ணனுக்கு' தெரிந்தது. மறுநாளே பிடுங்கல் நின்றது. பிறகு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) மீ கோரேங், கைப்பேசிக்கு டாப்-அப், புதுச் சப்பாத்து. அதன்பின்தான் பொட்டலம்: "பக்கத்து பிளாக்ல குடுத்துட்டு வாடா தம்பி."

"அண்ணன் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்காரு டீச்சர். எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றான். செய்ந்நன்றி மறக்கக்கூடாது என்று நாம் ஊட்டி வளர்த்ததே தூண்டிலாகிவிட்டது. சினிமாதான் கெடுக்கிறது என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அப்படிச் சொல்வது நமக்குச் சுலபம், அவ்வளவுதான்.

பேசும்போது அவன் ரப்பரில் எறும்பளவுக்கு '08' என்று எழுதியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். 04, 08, 36 என்று எண்களே இங்கே கும்பல்களின் பெயர். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அப்போதைய கணக்கில், 40,000-க்கும் அதிகமான உறுப்பினர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர்கள். நாட்டில் நாம் இருப்பதோ 7 விழுக்காடு அளவில். நம்மவர்கள் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கோயிலும் திடலும், தவறு செய்தால் காதைத் திருகும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சேர்ந்தே போனார்கள். மலிவுவிலை அடுக்குமாடியில் அந்த இடத்தை 'அண்ணன்' எடுத்துக்கொண்டார்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: அடிதடியில் இறங்காவிட்டாலும், சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே 1966 சங்கங்கள் சட்டப்படி குற்றம். திட்டமிட்ட குற்றக் கும்பலின் உறுப்பினர் என்று குற்றவியல் சட்டம் 130வி பிரிவில் வழக்கு வந்தால் சிறை 5 முதல் 20 ஆண்டு வரை.

தெரிந்தவுடன் அடிக்காதீர்கள், கைப்பேசியை உடைக்காதீர்கள். அவன் வாயை மூடிக்கொள்வான், அடுத்த அடி அண்ணன் வீட்டுக்குத்தான். சிலர் ஈப்போவில் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒருவனுக்கு அது உதவியது. இன்னொருவனுக்கு அங்கேயும் அதே எண் காத்திருந்தது.

இந்தப் பையனின் அப்பா லாரி ஓட்டுபவர். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு மோட்டாரோடு வாசலில் நின்றார். முதல் இரண்டு வாரம் இருவரும் பேசவே இல்லையாம். ஒருநாள் பையன் சப்பாத்தைக் கழற்றி என் மேசைக்கடியில் வைத்துவிட்டு, ஜப்பான் சிலிப்பரோடு அப்பா பின்னால் ஏறிப் போனான். இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது அவனுக்கு அது பத்தாது.