அம்மாவுக்குக் கொடுத்த மயக்க மருந்து குழந்தைக்கும் போகுமா?

பிறந்த குழந்தையின் கேஸ் ஷீட்டில் ‘அப்கார் 8, 9’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்கார் என்பது ஒரு டாக்டரின் பெயர். வர்ஜீனியா அப்கார் குழந்தை மருத்துவர் இல்லை, பிரசவம் பார்ப்பவரும் இல்லை, நியூயார்க்கில் மயக்க மருந்து கொடுத்தவர். சர்ஜன் ஆகத்தான் பயிற்சி எடுத்தார், பெண் சர்ஜனாகப் பிழைப்பது கஷ்டம் என்று பேராசிரியரே இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். 1949-இல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் குழந்தை வெளியே வந்ததும் எல்லோருடைய கவனமும் தாய் பக்கம் போய்விடும். குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்க, கைக்குக் கிடைத்த காகிதத்தில் ஐந்து விஷயங்களை எழுதிக் கொடுத்தாராம் அப்கார்: இதயத்துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, சீண்டினால் முகம் சுளிக்கிறதா, தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. துடிப்பு நிமிடத்துக்கு 100-க்கு மேல் இருந்தால் 2, குறைந்தால் 1, இல்லவே இல்லையென்றால் 0. பிறந்த ஒரு நிமிடத்தில் போட வேண்டும் (ஐந்தாவது நிமிடத்திலும் மறுபடி போடுகிறார்கள், கேஸ் ஷீட்டில் இரண்டு எண்கள் இருப்பது அதனால்தான்). பிரசவம் பார்த்தவரே போடக் கூடாது, அவருக்குத் தன் வேலைக்குத் தானே மார்க் போடுகிற ஆசை வரும் அல்லவா! முதல் நிமிடத்தில் கை கால் நீலமாக இருப்பது சகஜம், அதனால் பத்துக்குப் பத்து அபூர்வம். (8 வாங்கிய குழந்தை படிப்பில் மந்தமாகுமோ என்று பயப்பட வேண்டாம், இது அதற்கான மார்க் இல்லை.)

1953-இல் இது கட்டுரையாக வந்தது. சரி, மயக்க மருந்துக்காரருக்கு இதில் என்ன அக்கறை? மயக்க வாயு மூளைக்குள் நுழையக் காரணம் அதன் மூலக்கூறு சிறியது, கொழுப்பில் சட்டென்று கரையும் என்பதுதான், அதே குணத்தால் நஞ்சுக்கொடியையும் தாண்டிவிடுகிறது. தாய் தூங்கினால் குழந்தையும் அரைத்தூக்கத்தில் பிறக்கிறது. இங்கேதான் சிக்கல்: அந்த வாயு வெளியேற வேண்டுமானால் குழந்தை நன்றாக மூச்சுவிட வேண்டும், வாயுவோ அந்த மூச்சைத்தான் அமுக்குகிறது.

அப்புறம் அவரும் சகாக்களும் மார்க்கையும் தாய்க்குக் கொடுத்த மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சைக்ளோபுரொப்பேன் என்ற மயக்க வாயுவை வாங்கிய தாய்மாரின் குழந்தைகள் மந்தமாக இருந்தன. அது அப்காருக்கே மிகப் பிடித்த வாயு. பிரசவத்தில் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.