இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, சிறுநீரில் இரத்தம் இருந்தது

பெரியவர் ஒருவர் கொண்டுவந்த கோப்பில் 14 பக்க இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது. ஹீமோகுளோபின், கிரியாட்டினின், சர்க்கரை, கொழுப்பு, புற்றுநோய்க் குறிப்பான்களான பி.எஸ்.ஏ., சி.இ.ஏ., சி.ஏ. 19-9 எல்லாமே இயல்பு. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாளே தெளிந்துவிட்டது. உடல் சூடு என்றார்கள் வீட்டில். இளநீர் குடித்தார், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. புற்றுநோயையும் சேர்த்துப் பார்க்கும் ‘முழு உடல் பரிசோதனை’ ஒன்றுக்குப் பணம் கட்டி இரத்தம் கொடுத்தார். அறிக்கையைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டார். மறுபடியும் சிவப்பாகப் போன பிறகுதான் என்னிடம் வந்தார்.

“இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறதே, டாக்டர்?” என்று கேட்டார்.

அந்த அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. சிறுநீர்ப்பையைப் பற்றி யாரும் அதனிடம் கேட்கவில்லை. சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி செய்தபோது, இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு கட்டி, கடற்பாசி நீரில் அசைவதுபோல் மெல்லிய இழைகளோடு ஆடிக்கொண்டிருந்தது. போய்விட்ட அந்த நான்கு மாதங்கள்தான் இதை எழுத வைக்கின்றன.

இரத்தத்தில் ஏன் தெரியவில்லை? புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பையின் தசையை இன்னும் தொடாதவை. உட்சுவரின் மெல்லிய படலத்திலும் அதை ஒட்டிய அடுக்கிலும் மட்டும் இருப்பவை. அந்தக் கட்டி இரவும் பகலும் சிறுநீரில் நனைந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து உதிரும் செல்களும் டி.என்.ஏ. துணுக்குகளும் சிறுநீரில்தான் விழுகின்றன. இரத்தத்துக்குப் போவது சொற்பம். போனதிலும் பாதி, இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மறைந்துவிடும். மிச்சமிருப்பதை, நம் வெள்ளணுக்கள் இயல்பாக மடியும்போது வெளிவிடும் ஏராளமான டி.என்.ஏ.வுக்கு நடுவே தேட வேண்டும். கிணற்றில் போட்ட ஒரு சிட்டிகை உப்பை நாக்கால் கண்டுபிடிக்கச் சொல்வதுபோல. வயதாக ஆக எலும்பு மச்சையின் இரத்தச் செல்களிலும் மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றைப் புற்றுநோயின் தடயமாகத் தவறாகப் படித்துவிடும் ஆபத்தும் உண்டு.

பி.எஸ்.ஏ.வைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பத்தை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அது புராஸ்டேட் சுரப்பியைப் பற்றிய பரிசோதனை. சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் அண்டை வீடுகள்தான் என்றாலும், ஒன்றுக்கான சான்றிதழ் மற்றொன்றுக்குச் செல்லாது. சி.இ.ஏ.வும் சி.ஏ. 19-9-உம் நோய் முற்றிய சிலரிடம் கூடியிருக்கலாம். தொடக்க நிலையில் அவற்றை நம்பி உட்கார முடியாது.

ஒரே குழாய் இரத்தத்தில் பல புற்றுநோய்களைத் தேடும் புதிய பரிசோதனைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கிரெயில் நிறுவனத்தின் பரிசோதனை குறித்து 2021-இல் வெளியான ஆய்வில், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், நான்காம் நிலையில் இருந்தவர்களில் 90 சதவீதத்தினரை அது கண்டுபிடித்தது. முதல் நிலையில் இருந்தவர்களில் கண்டுபிடித்தது 16.8 சதவீதத்தினரைத்தான். நமக்கு வேண்டியது அந்த முதல் நிலை. அங்கேதான் கை நழுவுகிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 5 பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தினரைப் பிடித்து, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை கையில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 4 நோயாளிகளைக் காட்டும்போது, நோயே இல்லாத சுமார் 500 பேரையும் சேர்த்துக் காட்டும். அந்த 500 பேரும் தூக்கம் கெட்டு, ஸ்கேன் எடுத்து, என்னைப் போன்ற ஒருவரின் கருவிக்கு முன்னால் வந்து படுக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத பொதுமக்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான சல்லடைப் பரிசோதனையை நாங்கள் வழக்கமாகப் பரிந்துரைக்காததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இதனால் இரத்தக் குறிப்பான்கள் வீண் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நோய் தசைக்குள் புகுந்து, சிறுநீர்ப்பையையே அகற்ற நேர்ந்தவர்களிடம் அவை பெரிய உதவி செய்யத் தொடங்கியிருக்கின்றன. அகற்றிய கட்டியின் மரபணுக் கையெழுத்தை முதலில் படித்து வைத்துக்கொண்டு, அதே கையெழுத்து பின்னர் இரத்தத்தில் தென்படுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தென்பட்டவர்களுக்கு மட்டும் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தான அட்டிசோலிசுமாப் கொடுத்தபோது அவர்களின் ஆயுள் கூடியது என்று 2025-இல் வெளியான இம்விகர் 011 ஆய்வு காட்டியது. ஸ்கேனில் ஒரு புள்ளிகூடத் தெரியாத கட்டத்திலேயே சிகிச்சையைத் தொடங்க முடிகிறது. மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் அங்கே தேடவேண்டியது என்ன என்பது முன்கூட்டியே தெரியும். தொடக்க நிலை நோயில் அந்த வசதி கிடையாது.

சிறுநீரிலேயே தேடலாமே என்றால், தேடுகிறோம். உதிர்ந்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைப் பாப்பனிகோலாவும் மார்ஷலும் 1945-இல் எழுதினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ‘பாப்’ பரிசோதனை எந்தப் பாப்பனிகோலாவின் பெயரில் இருக்கிறதோ, அவரேதான் இவரும். வீரியமான கட்டிகளை இந்த முறை நன்றாகப் பிடிக்கும், வீரியம் குறைந்தவற்றைப் பெரும்பாலும் தவறவிடும். என்.எம்.பி. 22 போன்ற சிறுநீர்க் குறிப்பான்களும் இருக்கின்றன. ஆனால் கல் இருந்தாலும் கிருமித் தொற்று இருந்தாலும் அவை வீணாக மிரட்டும். ஆகவே கடைசியில் கேமரா வைத்து நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இயல்பாக இருந்தாலும்தான். சுவரோடு சுவராகப் படர்ந்த தட்டையான புற்று ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

இந்தக் கேமராவுக்குப் பயந்துதான் பலர் இரத்தப் பரிசோதனையைத் தேடிப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது உள்ளது வளையும் மெல்லிய குழாய். மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவிச் செலுத்துகிறோம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும்.

அந்தப் பெரியவர் இளவயதில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பீடியும் பிடித்தவர். சாயத் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு புதிதல்ல. 1895-இலேயே ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். குற்றவாளிகள் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் போன்ற வேதிப்பொருள்கள் என்பது பின்னர் தெரிந்தது. வேலையை விட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் நோய் வரலாம். புகையிலைப் புகையிலும் இதே குடும்பத்து நச்சுகள் இருக்கின்றன. இழுப்பது நுரையீரல்தான் என்றாலும், அவை இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக இறங்கி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன.

பெண்களின் கதை வேறு. ஆண்களைவிட அவர்களுக்கு இது குறைவாகவே வருகிறது. அதனாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை. நீர்க்கடுப்பு என்றும் மாதவிடாய் நிற்கும் வயது என்றும் சொல்லி, கிருமிக்கான மாத்திரைகள் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையில் கிருமியே வராதபோதும் மாத்திரை தொடர்ந்தால், அம்மா, அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுவதால்தான் சிவப்பு என்று சமாதானமாகிவிடுபவர்களும் உண்டு. அந்த மாத்திரை, உள்ளே ஏற்கெனவே இருக்கும் புண்ணையோ கட்டியையோ சீக்கிரம் கசியவைத்துக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு முறை வந்து நின்ற இரத்தமும் கணக்கில் சேரும். இந்தக் கட்டிகள் கசிவதும் நிற்பதுமாகத்தான் இருக்கும்.

அந்தப் பெரியவருக்குக் கட்டியைச் சுரண்டி எடுத்தோம். வீரியமானது, ஆனால் தசையைத் தொடவில்லை. பின்னர் வாரம் ஒரு முறை, ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. செலுத்தினோம். பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே பி.சி.ஜி.தான். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அது பயன்படும் என்பதைக் கனடாவின் அல்வாரோ மொராலெஸ் 1976-இல் காட்டினார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். வரும்போதெல்லாம், கேமராவுக்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிறார். “இன்னும் வரவில்லை, ஐயா” என்கிறேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, மேசையில் ஏறிப் படுத்துக்கொள்கிறார்.